கூரையில் கொட்டும் மழை, குடத்தில் இல்லாத தண்ணீர்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் போதும். அந்தமான் தலைநகரில் டெய்ரி பார்ம், ஜங்லிகாட், ஹாடோ போன்ற பகுதிகளில் பொழுது விடிவதற்கு முன்பே குடங்கள் வரிசைக்கு வந்துவிடும். பிளாஸ்டிக் குடம், எவர்சில்வர் தவலை, பெயிண்ட் டப்பா, எண்ணெய் டின் என்று வீட்டில் உள்ள பாத்திரமெல்லாம் தெருவுக்கு வரும். குழாயில் இன்று தண்ணீர் வருமா, நாளைக்கா, அது எத்தனை மணிக்கு என்பதுதான் அன்றைய பேச்சு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்த தண்ணீர், கோடை முற்றினால் மூன்று நாளைக்கு ஒரு முறை என்று ஆகும். அந்த நாளில் வேலைக்குப் போகிறவர் வீட்டில் இருந்தால் அரை நாள் கூலி போயிற்று. போய்விட்டால் தண்ணீர் போயிற்று. இரண்டில் எதை இழப்பது என்று தீர்மானிக்க வேண்டிய நிலை, கொத்தனார் வேலைக்கும் துறைமுக வேலைக்கும் வந்த நம்மவர்களுக்குப் புதிதல்ல.

இதே தெருவில் நவம்பர் மாதம் நின்றிருந்தால் வேறு காட்சி. தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. சாக்கடை நிரம்பி வாசற்படிக்கு ஏறும். துணி காயாது, விறகு எரியாது. எப்போதடா இந்த மழை விடும் என்று சலித்துக்கொள்ளாதவர் கிடையாது.

மழை விட்டு மூன்று மாதம் ஆவதற்குள் குடம் காலி. ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு இது விந்தையாக இருக்கும். கப்பலில் மூன்று நாள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தவர்கள், இறங்கிய இடத்தில் தண்ணீருக்கு வரிசை நிற்பதைப் பார்த்தால் வேறென்ன தோன்றும்?

மழைக்குக் குறைவில்லை

கணக்கைப் பார்ப்போம். போர்ட் பிளேரில் (2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றப்பட்ட நகரம்) ஓர் ஆண்டில் பெய்யும் மழை சராசரியாக 3,000 மில்லிமீட்டர். பழைய கணக்கில் சொன்னால் சுமார் 120 அங்குலம். தமிழ்நாட்டுச் சராசரியைப் போல் இது மூன்று மடங்கு. தென்மேற்குப் பருவமழை இந்தியாவில் முதலில் கால் வைக்கும் இடமே இந்தக் கடல்தான். மே மாதம் மூன்றாவது வாரத்தையொட்டித் தொடங்கும் மழை, வடகிழக்குப் பருவத்தையும் சேர்த்துக்கொண்டு டிசம்பர் வரை நீடிக்கும்.

அப்படியானால் இவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது?

கடலுக்குப் போகிறது, அதுவும் சில மணி நேரத்தில். இந்தத் தீவுகள் கடலுக்கு மேல் தலை நீட்டிக்கொண்டிருக்கும் மலைத்தொடரின் உச்சிகள்தாம். நீளம் அதிகம்; அகலம் குறைவு. மலையில் விழுந்த மழை ஓடையாகி, சில மைல் தூரம் உருண்டோடிக் கடலில் விழுந்துவிடுகிறது. நம் ஊரில் காவிரியும் தாமிரபரணியும் வழியெல்லாம் ஏரி, குளம், வாய்க்கால் என்று நிரப்பிவிட்டுப் போவதைப் போல இங்கே நடப்பதில்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு என்று அந்தமான் பகுதியில் சொல்லத் தகுந்தது, வடக்கே டிக்லிப்பூர் பக்கத்துக் கால்பாங் ஆறுதான்.

நிலத்தடியும் கைகொடுப்பதில்லை. தென் அந்தமானில் பல இடங்களில் மண்ணுக்கு அடியில் களிப்பாங்கான பாறை. அது தண்ணீரைக் குடிப்பதும் குறைவு; குடித்ததைத் திருப்பித் தருவதும் குறைவு. வெடிப்புள்ள பாறை அமைந்த இடங்களில் ஊற்றும் கிணறும் உண்டு. ஆனால் போர் போட்டால் தண்ணீர் என்ற நம் ஊர் நம்பிக்கை இங்கே எல்லா இடத்திலும் பலிக்காது.

ஜனவரி முதல் மே நடுப்பகுதி வரை ஏறத்தாழ நாலரை மாதம் மழை மிகக் குறைவு. எட்டு மாதம் பெய்ததில் சேர்த்து வைத்ததைக் கொண்டுதான் இந்த நாலரை மாதத்தைத் தள்ளியாக வேண்டும். சேர்த்து வைக்காவிட்டால் 120 அங்குலம் பெய்தும் பயனில்லை.

அன்றும் இதே கதை

இது இன்று நேற்று வந்த பிரச்னை அல்ல. 1858-ம் ஆண்டு மார்ச் மாதம் டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் என்ற ஆங்கில அதிகாரி 200 கைதிகளுடன் வந்து இறங்கினார். முதலாவது இந்திய சுதந்திரப் போரில் பிடிபட்டவர்களை நாடு கடத்திவைக்க ஏற்பட்ட குடியேற்றம் அது. முதலில் அவர்கள் தங்கியது சாத்தம் தீவில். இன்றும் மர அறுவை ஆலை இருக்கும் அதே சாத்தம். அங்கே தண்ணீர் போதவில்லை. எனவே தலைமையிடம் ராஸ் தீவுக்கு மாற்றப்பட்டது. 2018-ல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் பெற்றது அந்த ராஸ் தீவுதான். அந்தமானின் முதல் தலைநகரத்தின் இடத்தை முடிவு செய்ததிலேயே தண்ணீருக்குப் பங்கு இருந்திருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பின் குடியேற்றம் பெருகியது. கிழக்கு வங்காளத்து அகதிகள் வந்தார்கள். கேரளத்தாரும் ஆந்திரத்தாரும் ராஞ்சிப் பக்கத்துத் தொழிலாளர்களும் வந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து நம்மவர்கள் வந்தார்கள். பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர் சிலருக்குக் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வாழ்வு அமைந்தது. 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி தீவுகளில் 3 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் சுமார் 15 சதவீதம் பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்.

வளர்ந்துவந்த தலைநகரத்துக்கு 1970-களில் தனிக்காரி அணை வந்தது. நகரத்தின் தாகத்தைத் தீர்க்கும் முதன்மையான நீர்த்தேக்கம் இன்றும் அதுதான். இடையில் அணையின் உயரமும் கூட்டப்பட்டது. ஆனால் ஊர் அணையைவிட வேகமாக வளர்ந்தது. நகர மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியது. கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கை ஆண்டுக்குச் சுமார் ஐந்து லட்சம் ஆயிற்று. அவர்கள் வருவதும் பெரும்பாலும் மழை இல்லாத மாதங்களில்தான். தேக்கத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போதுதான் ஓட்டல் அறைகள் நிரம்புகின்றன. பக்கத்து ரட்லண்ட் தீவின் ஓடை நீரைக் கடலுக்கடியில் குழாய் போட்டு நகரத்துக்குக் கொண்டுவரத் திட்டமிட்டதும் இந்த நெருக்கடியால்தான்.

தீவுகளின் கிராமப்புற வீடுகள் அனைத்துக்கும் குழாய் இணைப்பு கொடுத்தாகிவிட்டது என்று 2021-ல் அறிவிக்கப்பட்டது. நல்ல காரியம்; பாராட்ட வேண்டியது. ஆனால் குழாய் வேறு, தண்ணீர் வேறு. குழாயின் மறுமுனையில் தேக்கம் நிரம்பியிருந்தால்தான் இந்த முனையில் குடம் நிரம்பும்.

உப்பாகிப்போன கிணறுகள்

தண்ணீர் இல்லாதது ஒரு துன்பம் என்றால், இருந்த தண்ணீர் கெட்டுப்போவது இன்னொரு துன்பம். 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ம் தேதியை இந்தத் தீவுகளில் இருந்தவர்கள் மறக்க முடியாது. ஆழிப்பேரலை ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. பிழைத்தவர்களுக்கு அடுத்து வந்த கவலை தண்ணீர். நிகோபார் தீவுகளில் கடல் புகுந்த இடமெல்லாம் கிணறுகள் உப்பாகிவிட்டன.

பூகம்பத்தில் நிலமும் இறங்கியது. போர்ட் பிளேர் பகுதி சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. நாட்டின் தென்கோடியான இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதியைக் கடல் சூழ்ந்துகொண்டது. சிப்பிகாட்டில் நெல் விளைந்த வயல்களில் உப்புநீர் வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டது. பஸ்ஸில் அந்த வழியாகப் போகிறவர்கள் இன்றும் பார்க்கலாம்.

கார் நிகோபார் போன்ற பவளத்தீவுகளில் கிணற்று நீர் எப்படி நிற்கிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, அடியில் உள்ள கடல்நீரின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைந்தது. உப்புத் தண்ணீர் எடை மிகுந்தது. அதனால் எண்ணெய் தண்ணீரின் மேல் நிற்பதுபோல் நல்ல தண்ணீர் மேலே நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் இருந்தால், கீழே சுமார் 40 அடி ஆழம்வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேல்மட்டம் ஓர் அடி குறைந்தால், அடியிலிருந்து உப்புநீர் 40 அடி மேலே ஏற இடம் உண்டு. மோட்டார் போட்டு ஆசைதீர இறைக்கிறவர்கள் தங்கள் கிணற்றுக்குத் தாங்களே உப்பு ஊற்றுகிறார்கள்.

இலங்கையின் கிழக்குக் கரையில் மட்டக்களப்புப் பகுதித் தமிழர்கள் இந்தப் பாடத்தை அதே 2004-க்குப் பிறகு கற்றார்கள். கடல் புகுந்த கிணறுகளைச் சுத்தம் செய்யவேண்டும் என்ற நல்லெண்ணத்தில் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலே வரும் என்று பின்னர் நிபுணர்கள் எச்சரித்தார்கள். உப்பைக் கழுவி வெளியேற்றியது பெரும்பாலும் மழைதான். அதற்கும் ஒன்றுக்கு மேற்பட்ட பருவமழைகள் தேவைப்பட்டன.

தேதி தவறும் மழை

மழை தேதி தவறாமல் வந்தால் நாலரை மாதத்துக்குத் திட்டமிடலாம். இப்போது அந்த நம்பிக்கையும் ஆட்டம் காண்கிறது. பசிபிக் கடலில் எல்நினோ என்ற வெப்ப மாற்றம் ஏற்படும் ஆண்டுகளில் நம் பருவமழை தடுமாறுகிறது. 2015-16, 2023-24 ஆகியவை கடுமையான எல்நினோ ஆண்டுகள். அந்தமான் கடல் அளவு மீறிச் சூடேறி, 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளப்பாறைகள் வெளுத்துப்போனதை மீன்வளத்தில் வேலை பார்ப்பவர்கள் அறிவார்கள். பூமி சூடாகச் சூடாக, மழை சில நாட்களில் மொத்தமாகக் கொட்டுவதும், இடையில் நீண்ட நாள் வராமலிருப்பதும் அதிகமாகும் என்கிறார்கள் வானிலை ஆராய்ச்சியாளர்கள். கடல்மட்டமும் உயர்ந்துவருகிறது. கடற்கரைக் கிணறு வைத்திருப்பவர்களுக்கு அது நல்ல செய்தி அல்ல.

மே மாதம் மூன்றாவது வாரத்தில் வரவேண்டிய மழை ஜூனுக்குத் தள்ளிப்போனால் அந்த இரண்டு வாரம் என்ன செய்வது? குடும்பம் நடத்துகிறவர்கள் கேட்கவேண்டிய கேள்வி இது.

கடல் நீரைக் குடிநீராக்கினால்?

நாலு பக்கமும் கடல் இருக்கிறதே, அதைச் சுத்திகரித்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நம் ராமநாதபுரம் மாவட்டத்து நரிப்பையூரில் 1990-களின் இறுதியிலேயே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், 2005-ல் லட்சத்தீவுகளின் கவரத்தியில் நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் தரும் ஆலையை அமைத்தது. கடலின் மேல்பகுதி சூடாகவும் ஆழம் குளிர்ச்சியாகவும் இருக்கும். மேலுள்ள நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, ஆழத்துக் குளிர்நீரைக் கொண்டு அந்த ஆவியைத் தண்ணீராக்குகிறார்கள். 2011-ல் மினிக்காயிலும் அகத்தியிலும் இதே போன்ற ஆலைகள் வந்தன.

ஆனால் இதற்கெல்லாம் மின்சாரம் வேண்டும். அந்தமானில் மின்சாரத்தின் பெரும்பகுதி டீசலில் உற்பத்தியாகிறது. டீசலோ கப்பலில் வருகிறது. மாலத்தீவின் தலைநகரான மாலேயில் நடந்ததை நினைவில் வைப்பது நல்லது. 2014 டிசம்பர் 4-ம் தேதி அங்குள்ள கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் ஒரே நாளில் குடிநீர் இல்லாமல் தவித்தார்கள். இந்தியா விமானங்களிலும் கடற்படைக் கப்பல்களிலும் தண்ணீர் அனுப்பியது. ஒரே இயந்திரத்தை நம்பிய ஊருக்கு ஒரே விபத்து போதும்.

ஆலை வேண்டாம் என்பது நம் வாதமல்ல. அணையும் வேண்டும், ஆலையும் வேண்டும். அவை அரசின் பொறுப்பு. அதோடு நம் தலைக்கு மேலே இருப்பதையும் பயன்படுத்த வேண்டும் என்பதே இங்கு சொல்ல வந்தது.

காட்டு மக்களின் அறிவு

கிரேட் நிகோபார் காட்டில் வாழும் ஷோம்பென் பழங்குடியினர் மூங்கிலை நெடுக்குவாட்டில் பிளந்து, மரங்களின் அடியிலும் சரிவிலும் சாய்த்து வைப்பார்கள். இலையில் விழும் மழை சொட்டுச் சொட்டாக மூங்கில் வழியே ஓடி, வெட்டிவைத்த குழிகளில் சேரும். ஒரு குழி நிரம்பினால் இன்னொரு மூங்கில் வழியே அடுத்த குழிக்குப் போகும். எஞ்சினீயரிங் கல்லூரி பார்க்காதவர்களின் ஏற்பாடு இது. டெல்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 1997-ல் வெளியிட்ட நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறது.

நிகோபாரில் சௌரா என்று ஒரு சின்னத் தீவு. குடிநீர் அரிதான இடம். இளநீரும் மழைநீரும் அவர்களுக்குத் துணை. அந்தத் தீவுப் பெண்கள் செய்யும் மண்பானைக்கு மற்றத் தீவுகளில் தனி மதிப்பு உண்டு.

நமக்கும் இந்த அறிவு இல்லாமலில்லை. இதை எழுதுகிறவன் பிறந்தது வானம் பார்த்த பூமியான ராமநாதபுரம் பக்கம். எங்கள் ஊரில் குடிநீர் ஊருணி ஒன்று உண்டு. அதில் யாரும் குளிக்க மாட்டார்கள். மாட்டை இறக்க மாட்டார்கள். செருப்போடு கரையில் ஏறினால் கிழவிகள் விரட்டுவார்கள். ஆண்டுக்கு முப்பத்தைந்து அங்குலத்துக்குள் பெய்யும் மழையை அந்த ஊருணியில் பிடித்துவைத்து அடுத்த ஐப்பசி வரை குடித்தோம். அந்த ஊர்க்காரர்களில் பலர் இன்று 120 அங்குலம் பெய்யும் ஊரில் வரிசையில் நிற்கிறார்கள். ஊரிலிருந்து பெட்டி படுக்கையைக் கொண்டுவந்தோம்; ஊருணிப் பழக்கத்தை அங்கேயே விட்டுவிட்டோம்.

ஒரு சின்னக் கணக்கு

குமாஸ்தா வேலை பார்ப்பவர்களுக்கும் கூலிக் கணக்கு எழுதுபவர்களுக்கும் இந்தக் கணக்கு கஷ்டமாக இராது.

இருபது அடி அகலம், இருபத்தைந்து அடி நீளம் உள்ள ஒரு தகரக் கூரை. மொத்தம் 500 சதுர அடி. அதன்மேல் ஓர் அங்குலம் மழை பெய்தால் சுமார் 1,180 லிட்டர் தண்ணீர். தெறித்ததும் வழிந்ததும் போக 900 லிட்டர் கைக்குக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 120 அங்குலம் என்றால் ஒரு லட்சத்து எட்டாயிரம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் பத்து வந்து இறக்குவதற்குச் சமம். அவ்வளவும் இப்போது சாக்கடையில் ஓடுகிறது.

ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்குப் பத்து லிட்டர் வீதம் நாளைக்கு 50 லிட்டர் போதும். குளிக்கவும் துவைக்கவும் குழாய்த் தண்ணீரையும் கிணற்றையும் வைத்துக்கொள்ளலாம். ஜனவரி முதல் மே நடுப்பகுதி வரை 135 நாட்களுக்கு ஏழாயிரம் லிட்டருக்குள் அடங்கிவிடும். அதை நிரப்ப எட்டு அங்குலம் மழை போதும். நவம்பர், டிசம்பர் இரண்டு மாதங்களில் பெய்வதே சராசரியாக இதைவிட அதிகம்.

ஏழாயிரம் லிட்டருக்குத் தொட்டி கட்ட இடம் இல்லையா? இரண்டாயிரம் லிட்டர் போதும். டிசம்பரில் நிரப்பி, மூடி வைத்துவிடுங்கள். தொடாதீர்கள். பி.எப். பணத்தைப் போல அதை மறந்துவிடுங்கள். ஏப்ரல் முதல் வாரத்தில், குழாய் கைவிடும்போது திறந்தால் நாற்பது நாள் குடிநீர். மே நடுப்பகுதி வந்துவிடும். மழை இரண்டு வாரம் பிந்தினால் என்ன செய்வது என்று மேலே கேட்டோமே, அதற்கும் இன்னொரு 700 லிட்டர் சேர்த்து வைத்தால் விடை கிடைத்துவிடும்.

அட்லாண்டிக் கடலில் பெர்முடா என்று ஒரு தீவு. அங்கே ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. வீடு கட்டுகிறவர் கூரைத் தண்ணீரைப் பிடித்துத் தரைக்கடியில் தொட்டியில் சேர்க்கவேண்டும் என்பது அங்கே சட்டம். அந்தத் தீவில் பெய்யும் மழை போர்ட் பிளேரில் பெய்வதில் பாதி அளவுதான்.

செய்யவேண்டியது என்ன?

பெரிய செலவு இல்லை. கூரையின் ஓரத்தில், தண்ணீர் சொட்டும் இடத்தில், நீளவாக்கில் பிளந்த பி.வி.சி. பைப்பைக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். ஒரு பக்கம் சற்றுச் சரிவு வேண்டும். அங்கிருந்து ஒரு பைப் கீழே தொட்டிக்கு இறங்கும்.

கவனிக்க வேண்டியவை சில. பல நாள் இடைவெளிக்குப் பின் பெய்யும் முதல் மழையைத் தொட்டிக்குள் விடக்கூடாது. கூரையிலுள்ள தூசி, சருகு, பறவை எச்சம் எல்லாம் அதில் வரும். பத்து நிமிஷம் வெளியே ஓடவிட்டுப் பிறகு தொட்டிக்குத் திருப்ப வேண்டும். தொட்டியின் வாயில் கூழாங்கல், மணல், அடுப்புக்கரி என்று அடுக்கிய வடிகட்டி வைப்பது நல்லது. தொட்டிக்கு இறுக்கமான மூடி அவசியம். திறந்த தொட்டி கொசு வளர்க்கும் பண்ணை. மலேரியாவும் டெங்குவும் இந்தத் தீவுகளுக்குப் புதிதல்ல. வெயில் பட்டால் பாசி பிடிக்கும். ஆகவே தொட்டியை நிழலில் வைக்க வேண்டும். 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரைத் தனியே கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்தால் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்குப் பயம் குறையும். துருப்பிடித்த தகரத்துக்குப் பெயிண்ட் அடிப்பவர்கள் ஈயம் கலந்த பெயிண்டை ஒதுக்க வேண்டும்.

ஒரு முறை அமைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டு எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. நல்ல பலனும் கிடைத்தது. பிறகு பல வீடுகளில் குழாய் அடைத்துக்கொண்டது, யாரும் கவனிக்கவில்லை. 2019-ல் சென்னையில் ஏரிகள் வறண்டு, ஜூலை 12-ம் தேதி ஜோலார்ப்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்து இறங்கியதை எல்லோரும் பார்த்தோம். சென்னைக்கு ரயிலாவது உண்டு. தீவுக்கு எந்த ரயில் வரும்?

சொந்தக் கூரை இல்லாதவர்கள்

இவ்வளவும் படித்த பிறகு நம்மவர்களில் பலர் கேட்கப்போவது ஒரே கேள்விதான். கூரை என்னுடையது அல்லவே, வாடகை வீட்டில் நான் என்ன செய்வேன்?

இதுதான் முக்கியமான இடம். ஒரே வளவில் ஆறு குடும்பம், எட்டு குடும்பம் என்று இருக்கிறோம். வாடகைக்கு இருப்பவர் இன்று இருப்பார், நாளை ஊருக்குப் போவார் என்பதால் வீட்டுக்காரர் செலவு செய்யத் தயங்குகிறார். வாடகைதாரரும் அதே காரணத்தால் தயங்குகிறார். இரண்டு தயக்கத்துக்கும் நடுவே ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் ஓடிப்போகிறது. தண்ணீர் நின்றுபோனால் வீட்டுக்காரருக்கும் நஷ்டம்தான். லாரித் தண்ணீருக்கு அவரும் காசு கொடுக்கிறார். பைப்பும் வேலையும் குடியிருப்பவர்கள் பொறுப்பு, தொட்டி வீட்டுக்காரர் பொறுப்பு என்று பேசிப் பார்க்கலாம். வளவில் கொத்தனார் ஒருவரும் பிளம்பர் ஒருவரும் இல்லாமலா போய்விடுவார்கள்? இந்த ஊரின் பாதிக் கட்டிடங்களில் நம்மவர்களின் கைவண்ணம் இருக்கிறது. அடுத்தவர் மாடியில் தொட்டி கட்டிக் கொடுத்தவர்கள், தங்கள் வளவுக்கு ஒரு தொட்டி கட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

அரசு குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள் சங்கத்தின் மூலம் துறையிடம் எழுதிக் கேட்கலாம். கோவில், பள்ளிக்கூடம், சங்கக் கட்டிடம் இவற்றின் கூரைகள் பெரியவை. ஐயாயிரம் சதுர அடிக் கூரை என்றால் ஓர் அங்குல மழையில் ஒன்பதாயிரம் லிட்டர். திருவிழாவுக்கு வசூலிக்கும்போது பந்தலுக்கும் மேளத்துக்கும் ஒதுக்குவதில் ஒரு பங்கைத் தொட்டிக்கு ஒதுக்கினால், பங்குனி உத்திரத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் வைக்க லாரியைத் தேடவேண்டியிராது. தெருவில் தண்ணீருக்குச் சண்டை வரும்போது தமிழர், வங்காளி, தெலுங்கர் என்று பிரிவதும் நின்றுபோகும். தொட்டி பொதுவாக இருந்தால் உறவும் பொதுவாகும்.

கோடை நாட்களில் விடியற்காலை நாலு மணிக்குக் குடத்தோடு நிற்பவர்கள் யார் என்று ஒரு நாள் உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் பெண்கள், பள்ளிக்கூடம் போகவேண்டிய சிறுமிகள். தண்ணீர் வருவது தாமதமானால் அன்று வகுப்பில் அந்த இடம் காலி. பிள்ளைகள் நம்மைவிட நன்றாகப் படிக்க வேண்டும் என்றுதானே கடல் கடந்து வந்தோம்?

மழை ஒவ்வோர் ஆண்டும் இலவசமாக வந்து கூரையைத் தட்டுகிறது. இந்த ஆண்டு அது விடைபெறுவதற்குள் ஒரு பைப்பும் ஒரு தொட்டியும் தயாராகட்டும். ஏப்ரல் மாதத்தில் அந்த மூடியைத் திறக்கும்போது, முதல் சொம்புத் தண்ணீரை வரிசையில் நிற்கும் ஒரு சிறுமிக்குக் கொடுத்து அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள்.